மருந்துக்கு அடங்காத கிருமியைக் கண்டறிதல்

(இராமநாதபுரம் கடலோரப் பகுதியில் பஞ்சாயத்துப் பணியாளரும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



பருத்தி பயிரிடுவோர் இங்கே பலர் இருப்பதால், பருத்தியிலிருந்தே தொடங்குகிறோம். 1987-ஆம் ஆண்டில் ஆந்திர நாட்டின் கடலோர ஜில்லாக்களில் காய்ப்புழு பெருவாரியாகத் தோன்றிற்று. அதுவரை நன்கு பலித்துவந்த செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளை விவசாயிகள் திரும்பத் திரும்பத் தெளித்தனர், புழு சாகவில்லை. மருந்து புழுவின் குணத்தையே மாற்றிவிட்டது என்று எண்ணியவர் பலர். நடந்தது வேறு. அம்மருந்தைத் தாங்கவல்ல புழு எங்கோ ஒன்றிரண்டு வயலில் முன்னமே இருந்தது. மற்றவற்றை மருந்து கொன்று தீர்க்கவே, மிஞ்சியவை வயல் முழுவதையும் தமதாக்கிக்கொண்டன. மருந்து தெளிப்பதற்கு முன்பே அந்த ஒன்றிரண்டைக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்பதே நம் பேச்சின் கேள்வி. ஆனால் நாம் பேச வந்தது புழுவைப் பற்றியன்று. மனித இரத்தத்தில் வாழும் எச்.ஐ.வி. என்னும் கிருமியைப் பற்றி.

இப்பெயரைச் சபையில் உச்சரிக்கவே தயங்குவோர் உண்டு. இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் மாகாணத்திலேதான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் பயின்ற டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இரத்த மாதிரிகளைச் சேகரித்தனர். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாமையால் அவற்றை வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று பார்த்தனர். அக்காலத்தில் இந்நோய் நம் தேசத்துக்கு வராது என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அம்முடிவு பேரதிர்ச்சியாயிற்று. தேடாதவரையில் இல்லை என்றே தோன்றும். தேடிய பிறகுதான் இருப்பது தெரியவரும். நாம் இனிச் சொல்லப்போகும் விஷயமும் இதே தன்மையுடையது.

2004 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அரசாங்கம் இந்நோய்க்கு இலவச மருந்து வழங்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. இம்மருந்தைக் கூட்டு மருந்து என்கிறோம். மூன்று மருந்துகள் சேர்ந்தது. ஏன் மூன்று? ஒன்று போதாதா? இதை விளங்கிக்கொண்டால் பின்னால் வருவது அனைத்தும் எளிதில் விளங்கும்.

சிகிச்சை பெறாத ஒருவர் உடலில் நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் கோடி கிருமிகள் புதிதாகப் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் தன் மரபுச் செய்தியைப் படியெடுத்தே பிறக்க வேண்டும். அச்செய்தி ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்டது. படியெடுக்கும் நொதிக்குத் தன் பிழையைத் திருத்தும் ஆற்றல் இல்லை. அவசரமாய்ப் பத்திரம் எழுதும் குமாஸ்தாவைப் போல் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்தை மாற்றிவிடுகிறது. ஆயிரம் கோடிப் படிகளில் இவ்வாறு பிழை நேர்ந்தால், ஓரெழுத்து மாற்றம் எதுவாயினும் ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு கிருமியில் நிகழ்ந்தே தீரும். பெரும்பாலான பிழைகள் கிருமிக்கே கேடாக முடிகின்றன. எங்கோ ஒன்று, இன்னும் வாயில் போடாத ஒரு மருந்தைத் தாங்கும் சக்தியைத் தற்செயலாகத் தந்துவிடுகிறது. மருந்தே உண்ணாதவரின் உடலில் மருந்துக்கு அடங்காத கிருமி எப்படி வரும் என்று வியப்பவர்களுக்கு இதுவே முதல் விடை.

நெவிரபின் என்ற மருந்தை உதாரணமாகக் கொள்வோம். 2004-இல் கொடுக்கத் தொடங்கிய மருந்துகளுள் அதுவும் ஒன்று. கிருமியின் நொதியில் 103-ஆவது இடத்தில் ஒரேயொரு மாற்றம் நேர்ந்தால் போதும், நெவிரபின் பலிக்காது. ஒரே கிருமியில் இரண்டு குறிப்பிட்ட மாற்றங்கள் ஒருங்கே நேர்வது மிக அரிது. மூன்று நேர்வது ஏறக்குறைய நடவாத காரியம். ஆகையால் மூன்று மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கும்போது, ஒன்றிலிருந்து தப்பிய கிருமி மற்ற இரண்டில் அகப்பட்டுக்கொள்கிறது. மூன்று வரப்பும் உடையாமல் இருக்கும்வரை வெள்ளம் வயலுக்குள் வராது.

வேறு இரு வழிகளிலும் இக்கிருமி வரக்கூடும். மருந்து பலிக்காமற்போன ஒருவரிடமிருந்து தொற்றுப் பெற்றவருக்கு, மருந்துக்கு அடங்காத கிருமியே முதலில் வந்து சேரும். இன்னொன்று, தாம் மருந்து உண்டதே நினைவில் இல்லாதோர். இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில், தாயிடமிருந்து சிசுவுக்குத் தொற்று செல்லாதிருக்கப் பிரசவ வலி கண்டபோது தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை கொடுப்பது வழக்கமாயிருந்தது. எத்தனையோ சிசுக்களை அது காத்தது. அதைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் அந்த ஒரு மாத்திரை இரத்தத்தில் பல நாள் தங்கக் கூடியது. துணை மருந்தின்றித் தனித்து நின்றமையால், அதற்கு அடங்காத கிருமிக்கு இடம் கிடைத்தது. 2014 முதல் கர்ப்பிணிகளுக்கும் மூன்று மருந்துகளையே தொடர்ந்து கொடுக்கிறார்கள். முன்பு பிரசவத்தில் மாத்திரை உண்ட தாய், சில ஆண்டுகள் கழித்து வைத்தியரிடம் வந்து, ‘இதுவரை சிகிச்சை பெற்றதில்லை’ என்று சொன்னால் அவர் பொய் சொன்னவரல்லர்.

இவ்வாறு வந்த கிருமி மருந்து இல்லாத காலத்தில் என்னவாகிறது? மருந்து இல்லாதவிடத்துப் பழைய கிருமிக்கே வளர்ச்சி அதிகம். புதியது சிறுபான்மையாகிச் சுருங்கிவிடும், ஆனால் அழிவதில்லை. உறங்கும் உயிரணுக்களுக்குள் கோரைக் கிழங்குபோல் புதைந்து கிடக்கும். மேலே பார்த்தால் வயல் சுத்தமாயிருக்கும். தண்ணீர் பாய்ந்தவுடன் தலைநீட்டுமே, அதுபோல மருந்து தொடங்கியவுடன் அது தலைநீட்டும்.

இதைக் கண்டறியும் சோதனையின் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. கிருமியின் எழுத்துகளைப் படிக்கும் வழக்கமான சோதனை, இரத்தத்திலுள்ள கிருமிகள் அனைத்தையும் கலந்து ஒரே வாசகமாகப் படிக்கிறது. அடங்காத கிருமி நூற்றுக்குப் பதினைந்து அல்லது இருபது பங்குக்குக் குறைந்திருந்தால் பெரும்பான்மையின் குரலில் சிறுபான்மையின் குரல் அமுங்கிவிடும். ‘குறை ஒன்றும் இல்லை’ என்று முடிவு வரும். கிராமசபையிலும் இப்படி நடப்பதுண்டு என்று சொன்னால் நீங்கள் கோபிக்கமாட்டீர்கள்.

ஆகவே ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே எடுத்துப் படித்து எண்ண வேண்டும். எத்தனை எண்ணினால் போதும்? இதற்கு விதை நெல்லைப் பரிசோதிப்பவனின் கணக்கே பதில் தரும். நூற்றில் ஒரு மணி கலப்பு உள்ள விதை மூட்டையிலிருந்து பத்து மணிகளை எடுத்துப் பார்த்தால், பத்துத் தடவையில் ஒன்பது தடவை கலப்பு கண்ணில் படாது. சுத்தமான விதை என்று சொல்லி ஏமாறுவோம். கலப்பு உண்டு என்பதை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நிச்சயத்துடன் காண வேண்டுமானால் சுமார் 300 மணிகளையாவது பார்த்தாக வேண்டும். கலப்பு ஆயிரத்தில் ஒன்றானால் மூவாயிரம் மணிகள். கிருமிக்கும் இதுவே கணக்கு.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இலட்சக்கணக்கான துணுக்குகளை ஒரே சமயத்தில் படிக்கும் யந்திரங்கள் வந்துவிட்டன. சங்கடம் தீர்ந்தது என்று விஞ்ஞானிகள் மகிழ்ந்தனர். ஆனால் இதில் ஒரு கண்கட்டு வித்தை இருந்ததை நிபுணர்கள் பின்னர் உணர்ந்தனர். யந்திரத்தில் இடுவதற்கு முன் மாதிரியைப் பல கோடி மடங்காகப் பெருக்க வேண்டியிருக்கிறது. பத்து விதைகளை விதைத்து, அறுவடையில் கிடைத்த பதினாயிரம் மணிகளை எண்ணிவிட்டு, ‘பதினாயிரம் விதை பார்த்தோம்’ என்று ஒருவன் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? தாய் விதை பத்துத்தானே! அத்துடன், பெருக்கும்போதும் படிக்கும்போதும் சோதனைச்சாலையிலேயே எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. அப்பிழையை உண்மையான அடங்காக் கிருமி என்று எண்ணி, நல்ல மருந்தை நோயாளிக்கு மறுத்துவிடும் அபாயமும் உண்டு.

இதற்கு அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜபாரா, சுவான்ஸ்ட்ராம் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் ஒரு நல்ல உபாயம் கண்டனர். பெருக்குவதற்கு முன்பே ஒவ்வொரு கிருமியின் செய்தியிலும் எட்டெழுத்துள்ள ஓர் அடையாள முத்திரையைப் பொருத்திவிட்டார்கள். நான்கு வகை எழுத்துகளைக்கொண்டு எட்டு இடங்களை நிரப்பினால் 65,536 வெவ்வேறு முத்திரைகள் கிடைக்கும். பெருக்கிப் படித்தபின், ஒரே முத்திரை உள்ளவற்றை ஒன்றுசேர்த்தால் அவை யாவும் ஒரு தாயின் பிள்ளைகள் என்பது தெரிந்துவிடும். ஒரு தாயின் பிள்ளைகளுள் ஒன்றில் மட்டும் எழுத்து மாறியிருந்தால் அது சோதனைச்சாலையின் பிழை. எல்லாவற்றிலும் மாறியிருந்தால் அது தாயின் குணம். முத்திரைகளை எண்ணினால் உண்மையில் எத்தனை கிருமிகளைப் பார்த்தோம் என்ற கணக்கும் வந்துவிடுகிறது. இம்முறையில் ஒரு நோயாளி மருந்து உண்பதற்கு முன் எடுத்த மாதிரிகளைப் பார்த்தபோது, அடங்காக் கிருமி மிகச் சிறு பங்கில் முன்னமே இருந்தது தெரியவந்தது. எண்ணியதைச் சொல்வதோடு எவ்வளவுதான் எண்ணினோம் என்பதையும் ஒப்புக்கொள்ளும் இம்முறை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அந்தச் சிறு பங்கால் கெடுதி உண்டா என்பது அடுத்த கேள்வி. நெவிரபின் வகை மருந்துகளை உண்டோரைப் பற்றிய பத்து ஆய்வுகளிலிருந்து 985 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2011-இல் ஒரு கணக்கெடுத்தார்கள். அடங்காக் கிருமி சிறு பங்கில் இருந்தவர்களுக்குச் சிகிச்சை தோற்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டிருந்தது. மாத்திரையை ஒழுங்காக உண்டவர்களுக்கும் இந்த அபாயம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மருந்து பலிக்காத நோயாளியைக் கண்டவுடன், ‘நீ மாத்திரையைச் சரியாக உண்ணவில்லை’ என்று வைவது நம் வழக்கம். எல்லாச் சமயங்களிலும் அது நியாயமாகாது. சிறு பங்கு இருந்தும் சிகிச்சை பலித்தவர்களும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

2017-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு விதி சொல்லிற்று. ஒரு தேசத்தில் சிகிச்சை தொடங்க வருவோருள் நூற்றுக்குப் பத்துப் பேரிடம் நெவிரபின் வகைக்கு அடங்காத கிருமி இருந்தால், அந்தத் தேசம் முதல் மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அது. 2020-க்குப் பின் நம் தேசத்திலும் டோலுடெக்ரவிர் என்ற மருந்து சேர்ந்த ஒற்றை மாத்திரை பரவலாக வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஓரெழுத்து மாற்றத்தால் இதை எளிதில் வெல்ல முடியாது. ஆனால் இம்மருந்துக்கு முடிவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. இதை உண்டும் கிருமி அடங்காதிருந்தவர்களைச் சோதித்ததில், நூற்றுக்கு 3.9 முதல் 8.6 வரையிலானவரிடம் இம்மருந்துக்கும் அடங்காத கிருமி காணப்பட்டதாக 2024-இல் அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. முன்பு வேறு மருந்து உண்டு, இரத்தத்தில் கிருமி மிகுந்திருந்த நிலையில் இதற்கு மாறியவர்களிடையே அது 19.6 வரை சென்றதுண்டு. பைரித்திராய்டும் ஒரு காலத்தில் நன்றாகத்தான் பலித்தது.

முத்திரையிட்டு எண்ணும் சோதனையை நோயாளி ஒவ்வொருவருக்கும் செய்வது இன்று நடவாத காரியம், செலவு மிகுதி. எனவே சிலரிடம் மாதிரி எடுத்து, ஊரின் நிலையை மதிப்பிடுகிறார்கள். அதற்கு இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும் என்பதில்லை. தடித்த வடிதாளில் சில சொட்டு இரத்தத்தை ஊற்றி உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்துடன் உறையிலிட்டு அனுப்பலாம். உப்புக் காற்றும் ஈரமும் மிகுந்த நம் கரைக்கு இது ஏற்ற வழி. நோயாளி ஒவ்வொருவருக்கும் அரசு செய்யும் சோதனை வேறு: மருந்து தொடங்கிய ஆறாம் மாதத்தில் இரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. அடங்கியிருந்தால் மருந்து பலிக்கிறது என்று பொருள். அவ்வாறு கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு அடங்கிவிட்டவரிடமிருந்து தாம்பத்திய உறவின் மூலம் பிறருக்குத் தொற்று செல்வதில்லை என்பது இன்று உறுதிப்பட்ட உண்மை. இதை ஊரில் எத்தனை பேர் அறிவர்?

இனி நம் கரைக்கு வருவோம். இராமேசுவரத்திலிருந்து விசைப்படகில் ஓரிரவு சென்று மறுநாள் திரும்புவோர்க்கு மாத்திரை உண்பதில் அதிக சங்கடம் இல்லை. கேரளத்துக்கும் கன்னடக் கரைக்கும் ஆழ்கடல் வேலைக்குச் செல்வோர் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. எல்லை தாண்டியதாக இலங்கையில் சிறைப்படுவோர் எப்போது திரும்புவார் என்பதே தெரியாது. மழை பொய்த்த ஆண்டில் முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் குடும்பங்கள் கூலிக்காக வெளியூர் போய்விடுகின்றன. இத்தகையோரில் எவரேனும் கூட்டு மருந்து உண்பவராயிருந்தால் மாத்திரை அறுபடுகிறது. மூன்று மருந்தும் ஒரே நாளில் இரத்தத்திலிருந்து நீங்குவதில்லை. ஒன்று முன்னே போக, மற்றொன்று பல நாள் தனியே நிற்கும். அந்த இடைவெளியில்தான், மேலே சொன்ன பிரசவ மாத்திரையின் கதை மறுபடியும் நிகழ்கிறது.

தூரமும் வேலையும் ஒருபுறமிருக்க, மாத்திரையை அறுப்பதில் வெட்கத்துக்கும் பெரும்பங்கு உண்டு என்பது நம் கருத்து. ஒரே அறையில் எட்டுப் பேருடன் தங்கி வேலை செய்பவன் மாத்திரைப் புட்டியை எடுக்க அஞ்சுகிறான். மாமியார் வீட்டில் இருக்கும் பெண் அதை அரிசிப் பானையில் ஒளிக்கிறாள். ஒளிக்க இடமில்லாத நாளில் உண்பதில்லை. தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று இராமநாதபுரத்துக்குப் போகாமல் மதுரைக்குப் போய் மருந்து வாங்குவோரும் உண்டு. பேருந்துக் கட்டணம் கையில் இல்லாத மாதம் அவர்களுக்கு மருந்து இல்லாத மாதம். 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும் வரை, இராமேசுவரத்து நோயாளி ரயிலையும் படகையும் நம்பியிருந்தான். அந்த ஜலசந்திக்குப் பாலம் கட்டியாயிற்று.

இக்கரையில் நோய் தேடிய பழைய கதை ஒன்றும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளரை, இலங்கை அரசாங்கம் நடத்திய மண்டபம் முகாமில் நிறுத்திவைத்துக் காலராவும் அம்மையும் உண்டா என்று பார்த்தே படகேற்றினார்கள். அங்கே அகப்பட்டவனுக்குச் சம்மதம் கேட்பாரில்லை, ஊரறிய ஒதுக்கப்பட்டான். அந்நாளைய நோய்களுக்கு அம்முறை எவ்வளவு உதவியது என்பது வேறு விஷயம். ஆயுள் முழுவதும் மாத்திரை உண்ண வேண்டிய நோய்க்கு அது சிறிதும் உதவாது. அஞ்சியவன் வரமாட்டான், வந்தாலும் நிலைக்கமாட்டான். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் இதற்கு நேர்மாறான வழியை வகுத்திருக்கிறது. சம்மதமின்றிச் சோதிக்கலாகாது, முடிவைப் பிறருக்கு வெளியிடலாகாது, வேலை, படிப்பு, வீடு எதிலும் இதைக் காரணமாக வைத்து ஒதுக்கலாகாது.

ஆகையால் பஞ்சாயத்துப் பணியில் இருந்தவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் ஒன்று சொல்வோம். உங்கள் ஊரில் இந்நோய் யாருக்கு இருக்கிறது என்று நீங்கள் அறிய வேண்டிய அவசியமில்லை. அறிய முயல்வதே கெடுதி. எவரேனும் வலிய வந்து பட்டியல் கொடுத்தால் வாங்காதீர்கள். ஊர்க் கூட்டத்தில் பொதுவாகச் சொல்லத்தக்கவை சில உண்டு. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம். பெயர் வெளியே வராது. மருந்தும் இலவசம். பலகாலம் ஒழுங்காக உண்டு கிருமி அடங்கியவர்களுக்குச் சில மாத மருந்தை ஒருசேரத் தருகிறார்கள். வெளியூர் செல்பவர் முன்கூட்டியே மையத்தில் சொல்லிச் சிகிச்சைப் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோனால், அவ்வூர் மையத்திலேயே மருந்து பெறலாம். முதன்முறை சிகிச்சைக்கு வருபவர், முன்பு எப்போதாவது, பிரசவத்தின்போதாயினும், இவ்வகை மாத்திரை உண்டிருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்தைத் தேர்வதில் அது பெரிதும் உதவும். படகுச் சொந்தக்காரரும் மேஸ்திரிகளும், மாதத்தில் ஒருநாள் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வேலையாள் கேட்டால் காரணம் கேளாமல் அனுப்பி வைக்கலாம்.

நேரில் கேட்கத் தயங்குவோர் 1097 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம். கட்டணம் இல்லை; பெயரைச் சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும், மீன் இறங்குதுறைக் கொட்டகையிலும், உரக்கடை வாசலிலும் எழுதிவைக்கலாம். செலவு ஒரு டப்பா வண்ணம்தான்.